அன்னை செய்த பூசை
(அம்பிகைத் தலங்களின் வரலாறுகள் பற்றிய சொற்பொழிவு)

  

அம்மன் சந்நிதிக்குச் செல்வோர் பெரும்பாலும் ஏதேனும் ஒன்றைக் கேட்பதற்காகவே செல்கின்றனர். மகளுக்கு மணம் கூடவில்லை. மருமகளுக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் தணியவில்லை. ஊரில் மழை பெய்யவில்லை. ஐயனிடத்துச் சொல்லத் தயங்குவதை அம்மையிடத்துத் தயங்காமற் சொல்லுவது மக்கள் இயல்பு. தந்தையிடம் கேட்க அஞ்சும் பிள்ளை அடுக்களைக்குச் சென்று தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு கேட்பதை ஒத்தது அது. அதிற் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆயினும் ஒன்று சிந்திக்கத் தக்கது. அம்பிகையின் திருக்கோயில்களுக்குத் தலவரலாறுகள் உண்டு. அவ்வரலாறுகளில் அம்பிகை செய்வது யாது? பல தலங்களில் அவள் முதற்கண் வரங்கொடுப்பவளாக வருவதில்லை. தவஞ் செய்பவளாகவும் பூசை செய்பவளாகவும் வருகின்றாள். திருமயிலையில் மயிலாகி வழிபட்டாள். திருவாவடுதுறையில் பசுவாகி வழிபட்டாள். மாங்காட்டில் ஐந்தீயின் நடுவே நின்று தவம் புரிந்தாள். சங்கரநயினார்கோயிலில் கோமதியாகத் தவமிருந்தாள். அதனை ஆடித் தவசு என்று இன்றும் விழாவெடுத்துக் கொண்டாடுகின்றனர். திருவண்ணாமலையில் தவத்தாலேயே இறைவனின் இடப்பாகம் பெற்றாள். எனவே, எந்தத் தாயிடம் கேட்கும்பொருட்டு அன்பர்கள் செல்கின்றனரோ, அந்தத் தாயே ஒருகாற் கேட்டு நின்றவள்; காத்து நின்றவள்; தன் கையாற் பணி செய்தவள். இதனை அறிந்து வழிபடுவதற்கும் அறியாது வழிபடுவதற்கும் வேறுபாடு பெரிது. அவ்வேறுபாட்டைக் காஞ்சி, ஆனைக்கா, மதுரை, குமரி என்னும் நான்கு தலங்களின் வாயிலாகக் காண்க.

முதலாவது காஞ்சி. அம்பிகை காஞ்சிக்கு வந்ததற்குக் காரணம் இருவகையாகச் சொல்லப்படும். ஒருநாள் கயிலையில் அம்மை விளையாட்டாக இறைவனின் திருக்கண்களைத் தன் கைகளாற் பொத்தினாள் என்றும், ஞாயிறும் திங்களுமாகிய அக்கண்கள் மறைந்தமையால் உலகெலாம் இருண்டு உயிர்கள் இடர்ப்பட்டன என்றும், அதற்குக் கழுவாயாகவே அவள் நிலவுலகில் வந்து தவம் புரிந்தாள் என்றும் கூறுவது ஒன்று. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில், திருக்குறிப்புத்தொண்ட நாயனார் வரலாற்றினிடையே காஞ்சியின் பெருமையை விரிவாக அருளிச்செய்துள்ளார். அங்கே அவர் கூறும் காரணம் வேறு. ஆகமங்களை அருளிய இறைவன் தான் பெரிதும் விரும்புவது பூசையே என்று உரைக்கக் கேட்டாள் அம்மை. கேட்டவுடன் அப்பூசையைத் தானே செய்தல் வேண்டும் என்னும் ஆசை அவளுக்கு உண்டாயிற்று. விடைபெற்றுக் காஞ்சிக்கு வந்தாள்.

முன்னது பிழை நீங்கும்பொருட்டுச் செய்த பூசை. பின்னது அன்பு மிகுதியாற் செய்த பூசை. கோயிலுக்கு வருவோரும் இவ்விரு வகையினரே. அச்சத்தால் வருவோரும் உளர். அன்பால் வருவோரும் உளர். இருவர்க்கும் அம்மை முன்னே நடந்து வழி காட்டியிருக்கின்றாள் என்று கொள்ளுதல் பொருந்தும்.

கம்பையாற்றங்கரையில், மாமரத்தின் அடியில், மணலாற் சிவலிங்கம் அமைத்து அவள் பூசித்துக்கொண்டிருந்தாள். ஆற்றிற் பெருவெள்ளம் வந்தது. மணலிலிங்கம் வெள்ளத்துக்கு நில்லாது என்பது அதனைத் தன் கையாற் பிடித்தவளுக்கு நன்றாகத் தெரியும். கரையேறித் தன்னைக் காத்துக்கொள்ளலாம். வெள்ளம் வடிந்தபின் வேறு மணல் கொண்டு வேறோர் இலிங்கம் அமைக்கலாம். அவள் அவ்வாறு செய்திலள். இரு கைகளாலும் இலிங்கத்தைத் தன் மார்போடு சேர்த்துத் தழுவிக்கொண்டாள். இறைவன் குழைந்து, அவளுடைய வளையின் சுவட்டையும் மார்பின் சுவட்டையும் தன் திருமேனியில் ஏற்றான். தழுவக் குழைந்த நாதர் என்னும் திருப்பெயரையும் ஏற்றான். பஞ்சபூதத் தலங்களுள் காஞ்சி மண்ணுக்குரியதாய் விளங்குவதன் வரலாறு இதுவாகும்.

கதை இவ்வளவில் முடிந்ததென்று பலரும் எண்ணுகின்றனர். முடியவில்லை. பூசையை ஏற்ற இறைவன் அம்மைக்கு வழங்கியது இருநாழி நெல். அந்நெல்லைக் கொண்டு உலகில் 32 அறங்களையும் வளர்க்குமாறு பணித்தான். ஆகவேதான் அவளுக்கு அறம்வளர்த்த நாயகி என்னும் பெயர் வழங்குவதாயிற்று. திருவையாற்றிலும் அம்மை அப்பெயராலேயே விளங்குகின்றாள். உலகத்துக்கெல்லாம் தாயானவளிடம் கொடுக்கப்பட்டது இருநாழி நெல் மட்டுமே என்பதைக் குறித்துக்கொள்க. அறத்துக்கு மூலதனம் சிறிதாயினும் போதும். செய்யும் கை ஓயாதிருத்தல் வேண்டும்.

அந்த 32 அறங்கள் எவை? மரபாக எண்ணப்பட்டு வரும் வரிசையிற் சிலவற்றைக் கேளுங்கள்: வறியவர் தங்கும் சாலை, ஓதுவார்க்கு உணவு, அறுசமயத்தார்க்கும் உண்டி, சிறையில் இருப்போர்க்குச் சோறு, தாயில்லாக் குழந்தைக்குப் பால், நோய்க்கு மருந்து, கண்ணுக்கு மருந்து, தலைக்கு எண்ணெய், காதுக்கு ஓலை, தண்ணீர்ப் பந்தல், குளம், சோலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், பசுக்கள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சு தறி, கொலைக்குச் செல்லும் உயிரை விலைகொடுத்து மீட்டல், சுற்றமில்லாதார் பிணத்தைச் சுடுதல். மாட்டின் தினவும் அநாதையின் இறுதிக்கடனும் அம்மையின் கண்ணுக்குத் தப்பவில்லை.

இவ்வரிசையில் ஒரு வியப்பு உண்டு. கோயில் கட்டுதல் என்பது இந்த 32 அறங்களுள் ஒன்றாக எண்ணப்படவில்லை. கோபுரத்துக்கும் விமானத்துக்கும் பொருள் கொடுத்த பெருமக்கள் இதுகேட்டு மனம் வாடவேண்டுவதில்லை. வீடு என்பது அதில் நடைபெறும் இல்லறங்களுள் ஒன்றாக எண்ணப்படுமோ? படாது. இல்லறம் அனைத்தும் நிகழும் இடமே வீடு. அதுபோல, இவ்வறங்கள் நிகழ்தற்குரிய இடமாகவே கோயிலை முன்னோர் கண்டனர் என்று கொள்ளுதல் தகும். வீடு கட்டி முடித்து அதில் அடுப்பு எரியவில்லை என்றால் அவ்வீட்டை ஊரார் என்னென்பர்?

இரண்டாவது திருவானைக்கா. காஞ்சியில் மண்ணெடுத்துப் பூசித்த அம்மை இங்கே நீரெடுத்துப் பூசித்தாள். வெண்ணாவல் மரத்தின் அடியில் அவள் கையால் அள்ளிய நீரே இலிங்கமாக உறைந்தது என்பது தலவரலாறு. இன்றும் கருவறையில் நீர் ஊறுவதை அன்பர்கள் கண்டிருப்பர். அகிலாண்டேசுவரி என்பது அம்மையின் திருநாமம். அண்டங்கள் அனைத்துக்கும் தலைவி என்பது பொருள். அத்தலைவி இத்தலத்தில் மாணவியாக அமர்ந்து இறைவனிடம் உபதேசம் பெற்றாள் என்பர்.

இத்தலத்தில் நாள்தோறும் உச்சிக்காலத்தில் நிகழும் ஒரு வழக்கம் அறியத்தக்கது. அம்மன் சந்நிதியில் பூசை செய்யும் அருச்சகர், பெண்ணுடையாகிய சேலையை அணிந்து, முடி சூடி, யானை முன்செல்ல, மேளம் முழங்கச் சுவாமி சந்நிதிக்குச் செல்கின்றார். அங்கே இறைவனுக்குப் பூசையும், பின்னர்ப் பசுவுக்குப் பூசையும் நிகழ்த்தித் திரும்புகின்றார். அவ்வேளையில் அவர் அருச்சகராக எண்ணப்படுவதில்லை. அம்மையே பூசிக்கச் செல்வதாகக் கொண்டு மக்கள் வழிவிட்டுக் கைகூப்புகின்றனர்.

என்றோ ஒருநாள் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் பூசையை நினைவுகூர ஆண்டுக்கு ஒரு விழா போதாதா என்று ஒருவர் வினவலாம். விழா என்பது நினைவூட்டும், நாட்பூசையோ வாழ்விக்கும். விருந்தினர்க்கு ஆண்டில் ஒருநாள் அறுசுவை படைக்கும் தாயை ஊரார் புகழ்வர். நாள்தோறும் உலை வைக்கும் தாயைப் பிள்ளைகள் அறிவர். ஆனைக்காவில் அம்மை நாள்தோறும் உலை வைக்கின்றாள்.

இங்கு ஓர் ஐயம் எழும். சத்தி என்பது இறைவனின் அருளே. ஞாயிறும் கதிரும்போல இருவரும் பிரிவில்லாதவர் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. அங்ஙனமாயின், அருளே வடிவானவள் யாரிடத்து எதனைப் பெறுவதற்குப் பூசிக்கின்றாள்? தனக்கு ஒன்றும் பெறுவதற்கன்று என்பதே விடை. குழந்தைக்குச் சோறூட்டும் தாய் முதற்கவளத்தைத் தன் வாயில் இடுவதுபோலக் காட்டுகின்றாள். அவளுக்குப் பசி இல்லை. குழந்தை வாய்திறக்கக் கற்க வேண்டும் என்பதே அவள் கருத்து. அம்மை செய்த பூசையும் அத்தகையதே.

மூன்றாவது மதுரை. மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் மகப்பேறு வேண்டி இயற்றிய வேள்வித்தீயில் மூன்று வயதுப் பெண்மகவாய்த் தடாதகை தோன்றிய வரலாறும், அவள் முடிசூடித் திசையனைத்தும் வென்று கயிலையை அடைந்த வரலாறும், சுந்தரேசரைக் கண்டவளவில் அவளுடைய மூன்றாவது தனம் மறைந்த வரலாறும் அனைவரும் அறிந்தன. சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் முடிசூட்டும், ஒன்பதாம் நாள் திக்குவிசயமும், பத்தாம் நாள் திருக்கல்யாணமும் அந்த முறைமையிலேயே நிகழ்கின்றன.

திருக்கல்யாணத்துக்குப் பிறகு நிகழ்ந்ததைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் விரித்துரைக்கின்றார். கூறப்பட்ட 64 திருவிளையாடல்களுள் கொடையாளர் சிந்திக்கத்தக்கது இது. மணவிருந்தில் வந்தோர் அனைவரும் உண்டபின்னும் அன்னம் மலையாகக் குவிந்து கிடந்தது. உண்டது கொஞ்சம், மிகுந்தது மிகுதி என்று தடாதகைப் பிராட்டியார் இறைவனிடம் விண்ணப்பித்தார். இறைவன் தன் கணங்களுள் குண்டோதரன் என்னும் ஒரு பூதத்துக்கு அன்னமிடுமாறு பணித்தான். அப்பூதம் மலையாகக் கிடந்த அன்னத்தை உண்டது. சமைக்காத அரிசியையும் காயையும் உண்டது. பசி தீரவில்லை என்று அலறியது. அரசியார் நாணி நின்றார். அதன்பின் இறைவன் அன்னக்குழியை வரவழைத்துப் பசியையும், வையையை வரவழைத்து நீர்வேட்கையையும் தீர்த்தருளினான்.

எவ்வளவு பெரிய விருந்தாயினும் ஒருநாள் விருந்து உலகின் பசியைத் தீர்த்துவிட இயலாது என்பதும், 'மிஞ்சிவிட்டது' என்னும் எண்ணம் அன்னமிட்டவர்க்கு ஆகாது என்பதும் இத்திருவிளையாடல் உணர்த்தும் உண்மைகள். விருந்து ஒருநாளில் தீர்ந்தது. வையை ஆறாகி நின்றது. நிலைத்து ஓடும் ஆறே நிலைத்த அறத்துக்கு உவமையாகும்.

மதுரையம்மைக்கு மீனாட்சி என்பது திருநாமம். மீனின் கண்ணுக்கு இமை இல்லை. மீன் தன் பார்வையாலேயே முட்டைகளைப் பொரிக்கும் என்பது பழைய வழக்கு; அதுபோல அம்மை தன் நோக்கத்தாலேயே உயிர்களைக் காக்கின்றாள் என்பர். கயிலையில் ஒருகணம் கண் மூடியதால் உலகம் இருண்டது என்று காஞ்சி வரலாறு கூறிற்று. மதுரையிலோ அம்மை இமையாத கண்ணினளாய் நின்றுவிட்டாள். அந்தக் கண்ணுக்கு முன்னே இன்னார் வரலாம், இன்னார் வரலாகாது என்னும் தடை நெடுங்காலம் இருந்தது. 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர், விலக்கப்பட்டிருந்த மக்களை உடன் அழைத்துக்கொண்டு திருக்கோயிலுள் நுழைந்தார். எதிர்ப்புக்கள் எழுந்து அடங்கின. கதவு திறந்தபின் அம்மையின் பெருமை குறையவில்லை. அறுசமயத்தார்க்கும் உண்டி அளித்தவளுடைய வாயிலில், பிள்ளைகளுள் ஒருசாரார் மட்டும் வெளியே நின்ற காலமே குறைக்குரிய காலம்.

நான்காவது குமரி. முக்கடல் கூடும் தென்கோடியில் அம்மை கன்னியாகவே நிற்கின்றாள். பாணாசுரன் தனக்குக் கன்னி ஒருத்தியால் அன்றிப் பிறரால் மரணம் கூடாதென்று வரம் பெற்றிருந்தான். அம்மை கன்னியாக வந்து தவமிருந்தாள். சுசீந்திரத்து இறைவன் அவளை மணம்புரிய விரும்பினான். நள்ளிரவு முகூர்த்தம். மணம் நிகழ்ந்துவிட்டால் அசுரன் அழியான் என்று எண்ணிய நாரதர் வழியிற் சேவலாய்க் கூவினார். பொழுது விடிந்தது என்று கருதி இறைவன் திரும்பினான். விருந்துக்கென வைத்திருந்த அரிசியும் பிறவும் சமைக்கப்படாமலே மணலாயின என்பர். குமரிக் கடற்கரையில் பலநிற மணல்கள் கிடப்பதற்கு மக்கள் கூறும் காரணம் இது. பின்னர் அசுரன் அழிந்தான். மணம் மட்டும் நிகழவில்லை. திருக்கையில் செபமாலை தாங்கி அம்மை இன்றும் தவநிலையிலேயே நிற்கின்றாள்.

இத்தலம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கக் கடற்பயண நூலொன்றிலேயே குமரித்துறையில் நோன்பிகள் நீராடி வாழ்ந்ததும், அங்கே ஒரு தேவி உறைந்து நீராடினாள் என்ற நம்பிக்கையும் குறிக்கப்பட்டுள்ளன. திருவிதாங்கூர் நாட்டின் பகுதியாயிருந்த காலத்தில், 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேச விளம்பரத்தால் இக்கோயிலின் கதவும் அனைவர்க்கும் திறந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து குமரி தமிழ்நாட்டுடன் இணைந்தது.

மகளுக்கு மணம் கூடவில்லையே என்று நெஞ்சு கனத்துக் குமரிக்குச் செல்லும் தாய்மார் பலர். அவர்கள் எவள்முன் நிற்கின்றனர்? மணநாள் குறித்து, மணவிருந்துக்குப் பொருள் சேர்த்து, மணமகன் புறப்பட்டும் மணம் கூடாமற் போனவள்முன் நிற்கின்றனர். கேட்டது கிட்டாத துயரம் இன்னதென்று அறியாத தெய்வமன்று அவள். தன் குறையை ஒருபுறம் வைத்துவிட்டு உலகின் குறையைத் தீர்த்தவள்; அதனாலேயே பிறர் குறையைக் கேட்கும் தகுதி நிறைந்து நிற்பவள். வேண்டுதல் நிறைவேறப் பெற்றோர் மட்டுமே கோயிலுக்கு உரியவர் என்றால் குமரியிற் கோயிலே இருத்தற்கு இடமில்லை. வேண்டியது கிடைக்காமல் வீடு திரும்புவோரைக் கைவிட்டவளாக அம்மையைக் கருதலாகாது என்பதற்கு அவளே சான்றாக நிற்கின்றாள்.

இந்நான்கு வரலாறுகளையும் ஒருசேர நோக்குக. காஞ்சியில் வெள்ளத்திலும் விடாத பூசை. ஆனைக்காவில் நாள் தவறாத பூசை. மதுரையில் ஓயாத அன்னம். குமரியில் பயன் கருதாத தவம். நான்கும் கூறுவது ஒன்றே. அம்மையின் பெருமை ஒருநாட் செயலில் இல்லை; விடாமையில் இருக்கின்றது.

கும்பாபிடேகப் பெருவிழாவில் இதனைச் சொல்லுதற்குக் காரணம் உண்டு. திருவுருவத்தைப் பீடத்தோடு பிணிக்க அட்டபந்தனம் சாத்துகின்றனர். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டையும் சேர்த்து இடித்து இளக்கிய மருந்து அது. நாளடைவில் அது உலர்ந்து பிடிப்பு நெகிழும். ஆதலால் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக் குடமுழுக்கு நிகழ்த்துதல் வழக்கமாயிற்று. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள பிடிப்பே 12 ஆண்டுகளில் நெகிழுமாயின், ஊருக்கும் கோயிலுக்கும் இடையே உள்ள பிடிப்பு எத்தனை நாளில் நெகிழும்? குடமுழுக்கன்று கூரைமேலும் ஏறி நின்று தொழுத கூட்டம், 48 நாள் மண்டலபூசை முடிந்த மறுநாள் மாலையில் எங்கே போயிற்று என்று தேடும்படியாகப் பல ஊர்களில் நேர்கின்றது. வண்ணம் புதிதாக மின்னும் விமானத்தின் கீழே, எண்ணெயில்லாத அகலும் ஓதுவார் இல்லாத மண்டபமும் காணப்படுகின்றன.

முன்னோர் இதனை அறிந்திருந்தனர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்த செய்திகள் பல. விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் விடுவது பெருவழக்கு. அவ்வாடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடு சாகாது, மூப்படையாது என்பது கருத்தன்று. இறப்பதைக் குட்டியைக் கொண்டு ஈடுசெய்து, தொகை குறையாமற் காக்கவேண்டும் என்பது கருத்து. விளக்கேற்றிய ஒருநாளை அவர்கள் கொண்டாடவில்லை. விளக்கு அணையாத நாள்களை ஏற்பாடு செய்தனர்.

காஞ்சியின் மற்றொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. நாட்டிற் குழப்பம் மிகுந்த காலத்தில் பங்காரு காமாட்சி எனப்படும் பொன்திருவுருவத்தை அருச்சகர் குடியினர் காஞ்சியிலிருந்து எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். திருவாரூரில் அது தங்கியிருந்த காலத்தில், 1762-ஆம் ஆண்டு, அக்குடியிற் பிறந்தவரே சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய சியாமா சாத்திரியார். பின்னர் அம்மை தஞ்சையில் கோயில் கொண்டாள். கோபுரத்தை அவர்களால் தூக்கிச் செல்ல இயலவில்லை. பூசையைத் தூக்கிச் சென்றனர். கோயிலை இழந்தும் பூசையை இழவாத குடியினர் அவர்கள். கோயிலைப் பெற்றும் பூசையை இழக்கும் ஊர் அவர்கள்முன் தலைநிமிர்ந்து நிற்றல் அரிது.

பெருமக்களே! திருப்பணிக்கு வழங்கிய பொருள் போற்றத்தக்கது. அதனோடு ஒவ்வொரு குடும்பமும் ஆண்டில் ஒருநாளைத் தன் நாளாக ஏற்று, அன்றைய விளக்கெண்ணெயும் திருவமுதும் பசித்து வருவோர்க்கு ஒருபிடிச் சோறும் தன் பொறுப்பு என்று கொள்ளுமாயின், 365 குடும்பங்களால் ஆண்டு முழுதும் நிரம்பிவிடும். பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. இருநாழி நெல்லைக் கொண்டு 32 அறம் வளர்த்தவளின் பிள்ளைகளுக்கு இது அரிய செயலன்று.

அம்மையிடம் கேட்க வருவோர் கேட்கட்டும். கேட்கும்போது அவள் கைகளை ஒருமுறை நோக்கட்டும். மணல் பிடித்த கைகள் அவை. நீர் அள்ளிய கைகள். அன்னம் பரிமாறிய கைகள். செபமாலை உருட்டும் கைகள். அக்கைகளைக் கண்டவர் தம் கையை வாளா வைத்திருத்தல் இயலாது.

அம்மையின் திருவருளால் இத்திருக்கோயிலில் ஆறுகாலமும் மணியோசை ஒலிக்க, விளக்கு ஒளிர்க, பசித்து வந்தவர் உண்டு மகிழ்க.

திருச்சிற்றம்பலம்.